கம்பளிச் சட்டையும் குல்லாயும்: ஐவி மரபில் தேர்ந்தெடுக்கும் முறை

வடநாட்டுக் குளிர் நம்மவர்க்குப் புதிது. மார்கழி விடியலின் பனியையே பெருங்குளிர் என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். தில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர் தீபாவளி கழிந்த சில நாட்களில் கடைத்தெருவுக்குச் செல்வர். கண்ணுக்கு அழகாகத் தோன்றும் ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி வருவர். சனவரியில் இரவுக் குளிர் 4, 5 டிகிரிக்கு இறங்கும்போதுதான் அது குளிரைத் தடுக்கவில்லை என்பது விளங்கும். உடனே மற்றொன்று வாங்குவர். பட்டம் பெற்று ஊர் திரும்பும்போது பெட்டியில் ஐந்தாறு ஸ்வெட்டர்கள் இருக்கும். அவற்றுள் பிறர்க்குக் கொடுக்கத் தக்கது ஒன்றுகூட இராது. வீட்டிலிருந்து வரும் பணத்தை எண்ணி எண்ணிச் செலவிடும் மாணவர்க்கு இது சிறிய இழப்பன்று.

இதற்கிடையே ‘ஐவி பாணி’ என்னும் ஒரு பெயரும் மாணவரிடையே வழங்கி வருகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் அணிந்த கம்பளிச் சட்டைகளும் தொப்பிகளும் அப்பாணியின் முதன்மையான உறுப்புகள். அதனைச் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரம் என்று ஒதுக்குவாரும் உளர். படத்தில் கண்டதை அப்படியே வாங்கி அணிய விரும்புவாரும் உளர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அம்மரபின் உயிர் ஆடையின் விலையில் இல்லை. நல்ல பொருளை அறிந்து எடுத்தல், அதனைப் பல்லாண்டு பேணி அணிதல் என்னும் இரண்டிலுமே உள்ளது. அவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஐவி என்ற பெயர்

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பென்சில்வேனியா, பிரவுன், டார்ட்மவுத், கார்னெல் என்பன அவை. இவற்றுள் மூத்ததாகிய ஹார்வர்டு 1636இலும், இளையதாகிய கார்னெல் 1865இலும் நிறுவப்பட்டன. இவற்றின் பழைய சுவர்களில் படரும் கொடியின் பெயரே ஐவி. இவ்வெட்டும் விளையாட்டுப் போட்டிகளுக்காக 1954இல் உடன்பாடு செய்துகொண்டபோது ‘ஐவி லீக்’ என்னும் பெயர் முறையாக நிலைபெற்றது.

இம்மாணவர்க்கு ஆடை விற்ற கடைகளுள் சில பெயர்பெற்றவை. நியூயார்க்கில் 1818இல் தொடங்கிய புரூக்ஸ் பிரதர்ஸ் ஒன்று. யேல் பல்கலைக்கழகம் இருக்கும் நியூ ஹேவனில் 1902இல் தொடங்கிய ஜே. பிரஸ் மற்றொன்று. பின்னது விற்ற ‘ஷாகி டாக்’ என்னும் ஸ்வெட்டர் மிகுந்த புகழ் பெற்றது. ஷெட்லாந்துக் கம்பளியில் பின்னி, மேற்பரப்பை வாரிவிட்டுச் சடைநாயின் உடல்போல் ஆக்கிய சட்டை அது.

விளையாட்டும் இம்மரபை வளர்த்தது. 1865இல் ஹார்வர்டின் பேஸ்பால் அணியினர் தம் ஃபிளானல் சட்டையின் மார்பில் ‘எச்’ என்ற எழுத்தைப் பொறித்துக்கொண்டனர். பின்னர் அவ்வழக்கம் ஸ்வெட்டருக்கு வந்தது. எழுத்துப் பொறித்த ஸ்வெட்டர் அங்கே காசு கொடுத்து வாங்கும் பொருளன்று. ஆடுகளத்தில் உழைத்து ஈட்டும் பொருள். வட்டக் கழுத்து ஸ்வெட்டருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் படகு வலிக்கும் குழுவினரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே.

சட்டைகள் பிறந்த இடம்

ஆயினும் இச்சட்டைகள் அமெரிக்காவில் பிறந்தவை அல்ல. செல்வர் வீட்டிலும் பிறந்தவை அல்ல. ஸ்காத்லாந்துக்கு வடக்கே, கடலும் காற்றும் ஓயாது மோதும் ஷெட்லாந்துத் தீவுகளில் சிறிய உருவமுடைய ஆடுகள் வளர்கின்றன. வெள்ளை, சாம்பல், செம்பழுப்பு, கருமை எனப் பல இயற்கை நிறங்களில் அவற்றின் மயிர் கிடைக்கிறது. மீன்பிடிக்கச் செல்லும் ஆடவர்க்காகவும் வணிகருக்காகவும் அத்தீவுப் பெண்கள் பின்னினர். அவர்களுக்குக் கூலி பணமாகக் கிடைத்தது அரிது. வணிகர் தம் கடையிலுள்ள பண்டங்களையே கூலியாகக் கொடுத்தனர். இக்கொடுமையை 1872இல் அரசு விசாரணைக் குழு ஒன்று விரிவாகப் பதிவு செய்துள்ளது. ஓர் ஆடையின் அழகைப் பேசும்போது அதனைப் பின்னிய கைகளையும் நினைப்பது முறையன்றோ?

அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த ஃபேர் ஐல் என்னும் சிறு தீவு பல வண்ணப் பின்னலுக்குப் பெயர்பெற்றது. கூர்ந்து பார்த்தால் ஒரு செய்தி விளங்கும். சட்டை முழுவதும் எத்தனை நிறங்கள் இருப்பினும், ஒரு வரிசையில் இரண்டு நிற நூல்களே ஓடும். முன்னால் தோன்றாத நூல் பின்னால் மறைந்து செல்லும். அதனால் சட்டை இரட்டைத் தடிப்புப் பெற்றுக் குளிரை நன்கு தடுக்கும். ஆக, அந்த வண்ணம் வெறும் அலங்காரமன்று. 1922இல் இங்கிலாந்தின் இளவரசர் எட்வர்டு கோல்ஃப் ஆட இச்சட்டையை அணிந்து வந்தார். அதன் பின்னரே மீனவர் சட்டை மேட்டுக்குடியினரின் நாகரிகமாயிற்று.

அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள ஆரன் தீவுகளின் சட்டை வேறு வகை. பாலாடை நிறம், தடித்த நூல், கயிறு முறுக்கியது போன்ற பின்னல். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பின்னல் உண்டு என்றும், கடலில் மாண்டவரைச் சட்டையின் பின்னலைக் கொண்டு அடையாளம் கண்டனர் என்றும் கடைக்காரர் கதை சொல்வர். அதற்குச் சான்று இல்லை. அயர்லாந்து நாடக ஆசிரியர் சிங் 1904இல் அரங்கேற்றிய நாடகம் ஒன்றில், கடலில் மாண்ட உடன்பிறந்தவனின் காலுறையை அதில் தவறவிட்ட பின்னல் கண்ணிகளைக் கொண்டு அவன் சகோதரி அறிந்துகொள்கிறாள். அக்கற்பனையே பின்னர் வரலாறாகிவிட்டது எனலாம். கதைக்காக விலை கொடுத்தல் வேண்டா, பின்னலுக்காகக் கொடுக்கலாம்.

முன்புறம் பொத்தான் வைத்த கார்டிகனுக்குப் போர்க்களத் தொடர்பு உண்டு. கிரிமியப் போரில், 1854இல், பாலக்லாவா என்னும் இடத்தில் குதிரைப் படையை நடத்திய கார்டிகன் பிரபுவின் பெயரே அச்சட்டையின் பெயர். அதே போரின் தளபதியான ராக்லன் பிரபுவின் பெயரால், கழுத்திலிருந்தே சாய்வாக இறங்கும் கை அமைப்பு வழங்குகிறது. தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடி முகம் மட்டும் தெரியும் குல்லாய்க்கு அவ்வூரின் பெயரே அமைந்தது. அக்குல்லாய் நமக்கு அந்நியமன்று. இங்கே ‘மங்கி கேப்’ என்று எல்லாரும் அணிவது அதுவே.

கம்பளியின் இயல்பு

கம்பளி ஏன் சூடு தருகிறது? உண்மையில் அது சூட்டைத் தருவதில்லை. நம் உடற்சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. கம்பளி இழை நேராக இராது. சுருள் சுருளாக இருக்கும். அச்சுருள்களுக்கிடையே காற்று தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆதலின் இறுக்கி அழுத்திய தடித்த துணியைவிட, காற்றுக்கு இடம் தரும் பின்னல் மேலானது.

இன்னொரு சிறப்பும் உண்டு. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீராவியை உறிஞ்சிக்கொண்டும் ஈரமாகத் தோன்றாது. அங்ஙனம் உறிஞ்சும்போது சிறிது வெப்பத்தையும் வெளிவிடுகிறது. மூடுபனி சூழ்ந்த காலையில் இதன் அருமை தெரியும்.

கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழையால் ஆனவை. 1950ஆம் ஆண்டளவில் வணிகத்துக்கு வந்த இவ்விழை பெட்ரோலியப் பொருள்களிலிருந்து செய்யப்படுவது. எடை குறைவு, துவைப்பது எளிது, பூச்சி அரிக்காது. ஆனால் ஈரத்தை உறிஞ்சாது. விரைவில் உருண்டை உருண்டையாக நூல் திரளும். தீப்பட்டால் உருகி உடலில் ஒட்டும்.

கம்பளியிலும் தரம் பல. இழையின் பருமனை மைக்ரான் கணக்கில் அளப்பர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். மெரினோ ஆட்டின் மயிர் 24 மைக்ரானுக்குள் இருக்கும், மேனியில் உறுத்தாது. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து வெள்ளாடுகள் தரும் பஷ்மினா 12 முதல் 16 மைக்ரான் வரை. மிக மென்மை, மிக விலை. ஷெட்லாந்து இவற்றினும் சற்றுக் கரடு. ஆனால் நெடுநாள் உழைக்கும். உள்ளே பருத்திச் சட்டை அணியும் மாணவர்க்கு அக்கரடு ஒரு குறையன்று. ஆட்டுக்குட்டியின் முதல் மயிர் இரண்டுக்கும் நடுத்தரமானது.

தமிழகத்துக்கும் கம்பளிக்கும் தொடர்பில்லை என்று எண்ணவேண்டா. விலங்கின் மயிரால் நெய்த துணிகளும் மதுரையின் அறுவை வீதியில் விற்றதைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. உதகை அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆட்டின ஆராய்ச்சி நிலையத்தில், மென்மயிர் தரும் நீலகிரி இன ஆடுகள் காக்கப்பட்டு வருகின்றன.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, சீட்டைப் படித்தல் வேண்டும். கழுத்தின் உட்புறத்திலோ பக்கத் தையலிலோ உள்ள துணிச்சீட்டில் கம்பளி எத்தனை விழுக்காடு என்பது இருக்கும். ‘கம்பளி போன்றது’, ‘கம்பளிக் கலப்பு’ என்னும் சொற்களில் மயங்கவேண்டா. 1964இல் தோன்றிய ‘வுல்மார்க்’ முத்திரை, நூலுருண்டை வடிவினது. தூய புதுக் கம்பளியைக் குறிப்பது. ‘ஷெட்லாந்து’ என்ற சொல் பல சட்டைகளில் பின்னலின் வகையை மட்டும் குறிக்கும். கம்பளி அத்தீவிலிருந்து வந்தது என்று பொருளன்று.

இரண்டாவது, கையால் அறிதல். அடிவிளிம்பிலும் மணிக்கட்டிலும் உள்ள பட்டையை இழுத்து விடுக. உடனே பழைய அளவுக்குச் சுருங்குமாயின் நல்லது. ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பின்னல் எங்கும் ஒரே சீராக இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, உள்ளே திருப்பிப் பார்த்தல். நல்ல ஸ்வெட்டரின் முன், பின், கை ஆகிய ஒவ்வொன்றும் அதனதன் வடிவிலேயே பின்னப்பட்டு, பின்னர் இணைக்கப்பட்டிருக்கும். தோளருகே சாய்வாகச் செல்லும் சிறு பின்னல் அடையாளங்கள் அதனைக் காட்டும். மலிவான சட்டையில் பெரிய பின்னல் துணியைக் கத்தரித்து ஓவர்லாக் தையல் போட்டிருப்பர். அத்தையல் பிரிந்தால் பின்னலும் பிரியும். கையிலிருந்து ஒரு பட்டை கழுத்துவரை ஏறிச் சேணம்போல் தோளில் அமர்வது பழைய ஷெட்லாந்துச் சட்டைகளின் அடையாளம்.

நான்காவது, நெருப்புச் சோதனை. இதனை வாங்கிய பின், உட்புறத்தில் தொங்கும் இழை ஒன்றை எடுத்து, தண்ணீர் அருகே வைத்துக்கொண்டு செய்க. கம்பளி மெல்ல எரிந்து தானே அணையும். மயிர் கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகி எரிந்து கெட்டியான கரு மணியாகும். அடுத்த முறை எந்தக் கடைக்குச் செல்வது என்பதை இச்சோதனை முடிவு செய்யும்.

ஐந்தாவது, அளவு. மார்புச் சுற்றளவைவிடச் சட்டை 2 முதல் 4 அங்குலம் மிகுதியாக இருத்தல் போதும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்கவேண்டும். கை மணிக்கட்டில் முடியவேண்டும். அடிவிளிம்பு இடுப்பு வாரைச் சற்றே மறைக்கவேண்டும். மாணவியர்க்கும் இதுவே முறை எனினும், 1940களில் அமெரிக்க மகளிர் கல்லூரி மாணவியர் ஆடவர் ஸ்வெட்டர்களையே ஒன்றிரண்டு அளவு பெரிதாக எடுத்துத் தொளதொளவென அணிந்தனர். அதுவும் அம்மரபின் ஒரு கிளையே.

ஆறாவது, நிறம். முதல் ஸ்வெட்டர் ஒற்றை நிறமாக இருக்கட்டும். கருநீலமும் சாம்பலும் எந்தக் காற்சட்டைக்கும் பொருந்தும். இரண்டாவதுக்குக் கரும்பச்சை, அரக்குச் சிவப்பு, கடுகு மஞ்சள் இவற்றுள் ஒன்றைக் கருதலாம். மேல்நாட்டு நூல்களின் நிற விதிகள் வெளிறிய மேனியை எண்ணி எழுதப்பட்டவை. நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் ஆரன் சட்டையின் பாலாடை நிறமும் கடுகு மஞ்சளும் மிக எடுப்பாக அமையும். ஃபேர் ஐல் போன்ற வண்ணப் பின்னல் அணிந்தால், உள்ளே அணியும் சட்டை கோடும் கட்டமும் இல்லாததாக இருக்கட்டும்.

எங்கே வாங்குவது? லூதியானா நகரம் பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. குளிர்காலத்தில் திபெத்திய அகதிகள் வட நகரங்களில் அமைக்கும் கடைகளிலும் அங்குச் செய்தவை ஏராளம். அவற்றுள் கம்பளியும் உண்டு, அக்ரிலிக்கும் உண்டு. சீட்டைப் பார்த்து எடுக்கவேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பழைய ஆடைகள் விற்கும் கடைகளில், பொறுமையுடன் தேடுவார்க்கு நல்ல கம்பளிச் சட்டை குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. முழங்கை, அக்குள், விளிம்பு மூன்றையும் பார்த்து வாங்குக. பூச்சித் துளை ஒன்றிரண்டு இருப்பின் தைத்துவிடலாம். வெந்நீரில் துவைத்துச் சுருங்கிக் கெட்டிப்பட்டதை மட்டும் தொடவேண்டா; அது பழைய நிலைக்குத் திரும்பாது.

தலைக்கு அணிவன

கம்பளித் தொப்பிக்கும் நீண்ட வரலாறு உண்டு. கம்பளித் தொழிலைக் காப்பதற்காக 1571இல் இங்கிலாந்தில் ஒரு சட்டம் செய்தனர். ஆறு வயதுக்கு மேற்பட்டோர், உயர்குடியினர் முதலிய சிலர் நீங்கலாக, ஞாயிறுதோறும் கம்பளித் தொப்பி அணியவேண்டும் என்பது சட்டம். 1597இல் அது நீக்கப்பட்டது. உழைப்பாளர் தலையில் தொப்பி மட்டும் நின்றுவிட்டது. முன்புறம் சிறு விளிம்பு உடைய தட்டைத் தொப்பி அவ்வழி வந்தது என்பர். இதற்கு ஏற்ற துணி ட்வீடு. ஸ்காத்லாந்தின் மேற்குத் தீவுகளில், தீவினர் தம் வீட்டிலேயே கைத்தறியில் நெய்த தூய கம்பளித் துணியே ‘ஹாரிஸ் ட்வீடு’ எனப்படும் என்று 1993ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துள்ளது. கைத்தறியின் அருமை அறிந்த நமக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

தொப்பி வாங்குமுன் நூல் நாடாவால் தலையைச் சுற்றி, காதுக்கு மேலும் நெற்றியின் நடுவிலும் செல்லுமாறு சென்டிமீட்டரில் அளந்துகொள்க. விரல் ஒன்று நுழையும் அளவு இடம் இருக்கவேண்டும். எண்ணெய் தடவும் வழக்கம் உள்ளவர் உட்புறம் துணி வைத்த தொப்பியைத் தேர்வது நலம்.

மாணவர்க்கு மிக எளியது கடற்படையினர் அணிந்த பின்னல் குல்லாய். கருநீல நிறம், கீழ் விளிம்பை ஒருமுறை மடித்தால் காதின்மேல் துணி இரட்டிக்கும். இதற்குத் தடித்த கம்பளி நூலும் நெருங்கிய பின்னலும் வேண்டும். மிதிவண்டியில் செல்வார்க்கும் விடியலில் வகுப்புக்குச் செல்வார்க்கும் இதனினும் பயனுடையது இல்லை. மிக்க குளிரில் மங்கி கேப் அணிவதற்கும் நாணவேண்டா. அதன் குலப்பெருமை கார்டிகனுக்குக் குறைந்ததன்று.

இங்கே ஒரு செய்தியை நினைவில் கொள்ளுதல் தகும். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் முதலாண்டு மாணவர் ஒரு சிறு குல்லாயைக் கட்டாயமாக அணியவேண்டியிருந்தது. மூத்தவர்க்கு அடங்கியவர் என்பதன் அடையாளம் அது. 1960களில் அவ்வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. ஐவி மரபில் நாம் ஏற்கத் தகாதது அது; இளையவரை இழிவுபடுத்தும் எந்த ஆடையும் மரபு என்ற பெயருக்கு உரியதன்று.

பேணுதல்

கம்பளி இழையின் மேல் மீன் செதிள் போன்ற நுண்ணிய செதிள்கள் உண்டு. வெந்நீரும் கசக்குதலும் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவிடும், சட்டை சுருங்கும். ஆதலின் குளிர்ந்த நீரில் துவைக்கவேண்டும். பூந்திக்கொட்டை ஊறிய நீர் மிக ஏற்றது. முறுக்கிப் பிழியாமல், துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தி நீரை எடுக்கவேண்டும். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். நிழலில் பரப்பி உலர்த்துக.

கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி அன்று, அதன் புழு. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தையே அது நாடும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் துவைத்து, நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத பையில் கட்டி வைத்தால் கேடில்லை. முழங்கை தேய்ந்தால் தோலோ தடித்த துணியோ வைத்துத் தைக்கலாம். ஐவி மாணவர் தைத்த முழங்கையைக் குறையாகக் கருதவில்லை. புத்தாடையின் பளபளப்பைவிட, பல குளிர்காலம் கண்ட சட்டையையே பெருமையாக எண்ணினர்.

யாருடைய உடை?

இறுதியாக ஒரு கேள்வி எழும். அந்நிய நாட்டு மேட்டுக்குடி மாணவரின் உடை நமக்கு எதற்கு? கேள்வி நியாயமானதே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் மூன்றும் 1920களில் யூத மாணவரின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தின. யேலும் பிரின்ஸ்டனும் இளங்கலை வகுப்புகளில் மாணவியரைச் சேர்த்தது 1969இல்தான். கதவு பலர்க்கு அடைத்தே இருந்தது.

ஆனால் உடை அக்கதவுக்குள் நிற்கவில்லை. போரிலிருந்து திரும்பியவர்க்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி உதவி அளித்தபோது, எளிய குடும்பத்து இளைஞர் பலர் கல்லூரிக்கு வந்து அவ்வுடையைத் தமதாக்கிக்கொண்டனர். 1950களில் மைல்ஸ் டேவிஸ் போன்ற கறுப்பின இசைக் கலைஞர்கள் அதனை அணிந்து மேடை ஏறினர். ஜப்பானில் கென்சுகே இஷிசு 1951இல் தொடங்கிய ‘வான்’ நிறுவனம் அதனை இளைஞரிடையே பரப்பியது. 1964இல் தோக்கியோவின் கின்சா பகுதியில் இவ்வுடையில் திரிந்த இளைஞர் பலரைக் காவலர் பிடித்துச் சென்றனர். மறு ஆண்டே ஜப்பானியர், அமெரிக்கக் கல்லூரி மாணவரின் உடையைப் படம்பிடித்து ‘டேக் ஐவி’ என்னும் நூலாக வெளியிட்டனர். பிற்காலத்தில் அமெரிக்கர்களே தம் பழைய மரபைக் கற்க அந்நூலைத் தேடினர். 2010இல் அதன் ஆங்கிலப் பதிப்பு வந்தது. மீனவரிடமிருந்து இளவரசர் பெற்றார். இளவரசரிடமிருந்து மாணவர் பெற்றனர். மாணவரிடமிருந்து உலகம் பெற்றது. அறிந்து அணிபவர்க்கு அவ்வுடை உரியது.

ஆகவே நண்பர்களே, மூன்று மலிவான ஸ்வெட்டர்களுக்கு ஆகும் பணத்தைச் சேர்த்து ஒரு நல்ல கம்பளிச் சட்டை வாங்குங்கள். ஒழுங்காகப் பேணினால் அது உங்கள் படிப்புக் காலத்தையும் கடந்து நிற்கும். நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். சங்க அறையில் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கலாம். படிப்பை முடித்துத் தெற்கே திரும்புவோர், ஊரில் தமக்குப் பயன்படாத ஸ்வெட்டரையும் குல்லாயையும் துவைத்து அங்கே வைத்துச் செல்லட்டும். கார்த்திகைக் குளிர் தொடங்குமுன், புதிதாக வந்த மாணவர் யாரும் கேளாமலே தம் அளவுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளட்டும். முதலாண்டு மாணவர்க்கு நாம் அணிவிக்கும் குல்லாய் அவ்வகையினதாக இருக்கட்டும்.